கசப்பு போடாத தட்டு

சனிக்கிழமை காலை. ரெஜினாள் இன்னாசிக்குக் கஞ்சி மாற்றிக்கொண்டிருந்தாள்.

கையை முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மேஜையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தாள். சின்ன விளக்கைப் பற்றவைத்து, கம்பி வளையத்தைச் சுடரில் செக்கச்செவேலென்று காய்ச்சி, ஆறவிட்டாள். பழைய தட்டில் பூத்திருந்த புள்ளிகளில் ஒன்றை அதனால் தொட்டுப் புதிய தட்டில் கோடு கோடாக இழுத்தாள். கை வேலை செய்தால் வாய் சும்மா இருக்குமா? "மோட்டார் ரூம்ல திரும்பவும் தண்ணி ஏறிட்டு இன்னாசி. புதுசா வந்திருக்கானே, அவனுக்கு ஒரு வால்வைத் திருகத் தெரியல" என்று தட்டிடம் சொன்னாள். தட்டு பதில் பேசவில்லை. பேசும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது? பேச ஆள் இல்லாத வீட்டில் எதிரே இருப்பதிடம்தானே பேச முடியும்.

இன்னாசி செத்துப் பல வருஷம் ஆகிறது. மேட்டுத் தூத்துக்குடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை குட்டி இல்லை. தட்டில் இருந்தது அவன் குரல்.

வானம் கொதித்த வருஷத்தைப் பற்றி இப்போதைய பிள்ளைகளுக்குக் கதையாகத்தான் தெரியும். சூரியனிலிருந்து கிளம்பிய புயல் ஒன்று பூமியை உலுக்கிவிட்டுப் போனபோது, உலகத்தில் இருந்த நினைவுச் சில்லு அத்தனையும் வெளுத்துப்போனது. கல்யாண வீடியோ, பிள்ளையின் முதல் சிரிப்பு, செத்தவர்களின் போட்டோ எதுவும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகும் வானம் முழுசாக அடங்கவில்லை. சில்லுகள் இன்றைக்கும் ஓடுகின்றன, மோட்டாரை இயக்குகின்றன, ஆனால் காலையில் சொன்னதைப் பொழுது சாய்வதற்குள் மறந்துவிடுகின்றன. அவற்றை நம்பி ஒரு பேச்சைக்கூட ஒப்படைத்து வைக்க முடியாது.

ஆகவே மனிதர்கள் கிருமியை நம்பினார்கள். சாவுக்குப் பயந்தவர்கள், குரலை எழுதி வைத்து வாசித்துத் தரும் அரசாங்க வாசிப்பகத்துக்குப் போய்ச் சில நிமிஷம் பேசுவார்கள். அந்தப் பேச்சை டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் எழுதி ஓர் இழையாகச் செய்வார்கள். டி.என்.ஏ. வளையம் ஒன்றை வெட்டு நொதியால் ஓரிடத்தில் அறுத்து, அறுத்த வாயில் இந்த இழையைப் பொருத்தி, ஒட்டு நொதியால் மூட்டுவார்கள். மூட்டிய வளையத்தை, யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு குடல் கிருமிக்குள் சட்டென்று சூடு காட்டிப் புகுத்திவிடுவார்கள். பழைய பாடப் புத்தகங்களில் இதற்கு க்ளோனிங் என்று பெயர். இப்போது குரல்வித்து என்கிறார்கள். கிருமி இரண்டாகும்போதெல்லாம் குரலும் இரண்டாகும். வெறும் இழையைப் பத்திரப்படுத்தக் குளிரறை வேண்டும், அதற்கு மின்சாரத்துக்கு எங்கே போவது? கிருமிக்குக் கடற்பாசியில் காய்ச்சிய அகார் கஞ்சி ஒரு தட்டு போதும்.

பேசி வைப்பதுதான் இவ்வளவு சுலபம். திரும்பக் கேட்பது அப்படியில்லை. வரிசை வாசிப்புக்கு வேண்டிய நொதிகள் எப்போதாவது வரும் கப்பலில்தான் வரவேண்டும். அதனால் வீட்டுக்கு வீடு முறை வைத்திருந்தார்கள். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடத்தையே முடித்துவிடும். அதுவரை தட்டை மாற்றி மாற்றி, உள்ளே இருப்பது என்ன என்று கேட்காமலே காப்பாற்றுவது வீட்டாரின் பொறுப்பு.

ரெஜினாளின் முறை வந்துவிட்டது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் எதற்கு இப்படித் தவித்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இன்னாசியின் முகம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. கால் பெருவிரல் நகம் கறுத்திருந்தது, சட்டையில் கிரீஸ் வாடை, எல்லாம் இருந்தது. குரல்தான் போய்விட்டது. போன வருஷம் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவன் "ரெஜி" என்று கூப்பிடுவதை மனசுக்குள் கேட்டுப் பார்க்க நினைத்தாள். கேட்டது. ஆனால் அவளுடைய சொந்தக் குரலிலேயே கேட்டது. திரும்பத் திரும்ப முயன்றும் அப்படித்தான். அன்றைக்கு மடித்த துணியை மடியில் போட்டுக்கொண்டு அழுதவள் அழுதவள்தான். அவனை இரண்டாவது தடவை சாகக் கொடுத்ததுபோல இருந்தது. அன்றிலிருந்து, முறை வரப்போகிற நாள்தான் அவளுக்கு எல்லாம்.

வாசிப்பகத்தில் தட்டை வாங்கிக்கொண்டவள் ஆவுடைச்செல்வி. முப்பத்தைந்து வயதிருக்கும், அரசாங்க வாசிப்பாளர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடுகிற ரகம். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நல்ல கொழுகொழுவென்று வளர்த்திருக்கிறீர்களே என்றாள். ரெஜினாளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வரிசை வீடுகளில் தன் தட்டைப்போல வேறு யாருடையதும் இல்லை என்றும், பொது வெதுப்புப் பெட்டியைத் திறக்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டாள். மாற்றிய தட்டை ஒரு ராத்திரி வெதுவெதுப்பில் வைத்து எடுத்துப்போக, அத்தனை வீடுகளுக்கும் அந்தத் தெருவில் இருந்தது அந்த ஒரு பெட்டிதான்.

முதலில் கிருமிகளை உடைத்து வளையத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு வெட்டு நொதியைப் போட்டு வளையம் தனி, குரல் தனி என்று அறுக்க வேண்டும். அறுத்ததை ஜெல் என்கிற கூழ்ப் பாளத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் கனமானது பின்தங்கும், இலேசானது முந்தும். நீல விளக்கைப் போட்டால் இரண்டும் இரண்டு கோடாக ஒளிரும். கோடு தெரிந்தால்தான் வாசிப்புக்கு நொதி கொடுப்பார்கள். மதியத்துக்குமேல் செல்வி ரெஜினாளை உள்ளே கூப்பிட்டு ஜெல்லைக் காட்டினாள். அன்றைக்கு வந்த எல்லா வீடுகளுக்கும் தடம் தடமாக இரண்டிரண்டு கோடுகள். ஒரே ஒரு தடம் மட்டும் இருட்டாகக் கிடந்தது. யாருடையது என்று ரெஜினாள் கேட்கவில்லை. செல்வி விளக்கை அணைக்காமல் நின்ற நிற்பிலேயே தெரிந்துவிட்டது.

"கசப்பு ஒழுங்கா போட்டீயளா அக்கா?"

கசப்பு என்பது தட்டோடு அரசாங்கம் கொடுக்கும் ஆண்டிபயாடிக். கஞ்சி ஆறும்போது சில சொட்டுகள் விடவேண்டும். போத்தலிலேயே எழுதியிருக்கும்.

"அத நிறுத்தி எத்தனையோ காலம் ஆச்சே தாயி" என்றாள் ரெஜினாள். ஒளித்து மறைத்து அல்ல, சமையலில் தான் கண்டுபிடித்த ஒரு கைப்பக்குவத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒரு கோடையில் இன்னாசி பொடிப்பொடியாக வந்தானாம். புள்ளிகள் ஊசி முனை அளவுகூட இல்லையாம். பார்க்கவே பாவமாக இருந்ததாம். அவனுக்கு மாத்திரை என்றாலே ஆகாது. கடைசிக் காய்ச்சலில்கூட நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுவான். செத்த பிறகுமா அவனுக்குக் கசப்பைக் கொடுக்கணும் என்று ஒரே ஒரு தட்டில் சொட்டு விடாமல் இழுத்துப் பார்த்தாளாம். மறுநாளே புள்ளிகள் மாவு உருண்டைபோலத் திரண்டு வந்தனவாம். அதற்கப்புறம் யாராவது கசப்பு போடுவார்களா?

செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"குரல் அதுக்குப் பாரம்க்கா. எம்புட்டு பெரிய வளையம், ஒவ்வொரு தடவையும் அதையும் சேத்துப் படியெடுக்கணும். கசப்பத் தாங்குத சக்தி அந்த வளையத்துலதான் இருக்கு. கசப்பு இருக்குதவரைக்கும் வளையத்த வச்சிருக்கதுதான் பிழைக்கும். கசப்ப எடுத்துட்டா எதுக்குச் சுமக்கணும்? கீழ போட்டுட்டு நல்லா கொழுத்திரும்."

ரெஜினாள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாரம் தவறாமல் கழுவிக் கழுவித் தோல் வெளிறிப்போன கைகள்.

"அப்ப நான் இத்தன நாளும் யாருக்குக் கஞ்சி மாத்தினேன்?"

பழைய தட்டு எதையாவது வைத்திருக்கிறீர்களா என்று செல்வி கேட்டாள். வைத்துக்கொள்ளக்கூடாது என்பது சட்டம். மாற்றிய அன்றே பழையதைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும். அதில் மட்டும் ரெஜினாள் சட்டத்தை அப்படியே கடைப்பிடித்திருந்தாள். அவளுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. மற்ற பெண்கள் போத்தலில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்து தங்கள் ஆட்களை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் பாசம் வைத்துத் தொலைத்துவிட்டாள்.

ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. இருக்கிற தட்டை முழுசாகச் சுரண்டி, கசப்பு கலந்த பெரிய தட்டுகளில் பரப்புவது. கோடிக்கணக்கான கிருமிகளில் எதாவது ஒன்று இன்னும் வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது மட்டும் எழும். மற்றதெல்லாம் சாகும். ரொம்ப நம்பிக்கை வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் செல்வி அதைச் செய்தாள். ரெஜினாள் வீட்டுக்குப் போனாள். மேஜை காலியாக இருந்தது. சோறு பொங்கவில்லை. மோட்டார் அறையில் தண்ணீர் வடிந்துவிட்டது என்று வழியில் யாரோ சொன்னார்கள், அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அப்படியே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் செல்வி அவளை வாசலிலேயே எதிர்கொண்டு கூட்டிப்போனாள். பெரிய தட்டுகள் எல்லாம் துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தன. ஒன்றில் மட்டும், ஓரத்தில், ஒரு புள்ளி.

"பிழைச்சுக்கிட்டான் பாத்தியா" என்றாள் ரெஜினாள். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவன் பிடிவாதக்காரன், அத்தனை பேர் கீழே போட்டாலும் அவன் போடமாட்டான், மோட்டார் நின்றுபோனால் சரிசெய்யாமல் வீட்டுக்கு வரமாட்டானே என்று என்னென்னவோ சொன்னாள். அந்தப் புள்ளியை ஒரு ராத்திரி வளர்த்து, வளையத்தை எடுத்து, மறுபடி அறுத்து ஜெல்லில் ஓட்டியபோது இரண்டு கோடுகள் பளிச்சென்று விழுந்தன. குரல் கோடு இருக்கவேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் முந்தி ஓடியிருந்தது. அப்படியென்றால் நீளம் குறைவு. பாதி அறுந்து போயிருக்கலாம் என்று செல்வி யோசனையோடு சொன்னாள். பாதி போதும் என்றாள் ரெஜினாள். கால்வாசி இருந்தாலும் போதும், "ரெஜி" என்று ஒரு தடவை சொல்லியிருந்தாலே போதும்.

கேட்கும் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி. வாசித்து முடித்த குரல் அதில் அன்று பொழுது சாயும்வரைதான் இருக்கும், அப்புறம் சில்லு வெளுத்துவிடும். கேட்பதற்கு முன்னால் செல்வி வழக்கமான விதியைச் சொன்னாள். குரல்வித்தில் பேரோ வீட்டு அடையாளமோ எழுதக்கூடாது. முன்பு எழுதி வைத்திருந்தபோது ஏமாற்றுக்காரர்கள் செத்தவர்களின் பேரைத் தேடி எடுத்து, அந்தக் குரலில் வீடுகளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதனால் குரலைக் கேட்டுவிட்டு, இது எங்கள் ஆள்தான் என்று வீட்டார் வாயால் ஒப்புச் சொல்ல வேண்டும். சொன்னால் புதுத் தட்டில் இழுத்துக் கையில் கொடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு குரல். ஒப்புச் சொன்னபின் மாற்ற முடியாது.

ரெஜினாள் தலையாட்டினாள். அவள் காதில் பாதிதான் ஏறியது. செல்வி பொத்தானை அழுத்தினாள்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஏளா, நான்தான் பேசுதேன். என்ன பேசணும்னு தெரியல. இவங்க பேசச் சொல்லுதாங்க. மழ பெய்யுது இங்க. குடைய நீ எடுத்துட்டுப் போயிட்ட. பரவால்ல, நனைஞ்சுக்கிட்டே வந்திருவேன். சாப்ட்டியா?"

அங்கே ஓர் இடைவெளி வந்தது. பேசியவர், எதிரே ஒருத்தி இருந்து பதில் சொல்வதுபோல, அவள் சொல்லி முடிக்கும்வரை நிதானமாகக் காத்திருந்தார். வாய் திறந்தே இருந்தது என்பது மூச்சில் தெரிந்தது.

"சாப்ட்டேன்" என்றாள் ரெஜினாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இவர் வயதானவர். குரல் அடித்தொண்டையில் கரகரக்கிறது. இன்னாசி நாற்பதைத் தாண்டாதவன். அவன் குரல் எப்படி இருக்கும் என்று மறந்துபோனவளுக்கு, எப்படி இருக்காது என்பது மறந்துபோகவில்லை. அதுவும் அவன் 'ரெஜி' என்பானே தவிர 'ஏளா' என்று கூப்பிடவே மாட்டான். இது யாரோ. ஒலிபெருக்கியில் அந்த யாரோ, "சரி, நல்லது. கதவத் தாப்பா போட்டுக்க. நான் வந்து தட்டுதேன்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ரெஜினாள் பொதுவாகக் கேட்பதுபோல, இந்த மாதிரித் தட்டில் வேறு ஆள் குரல் வந்து சேர்வதுண்டா என்று கேட்டாள்.

செல்வி ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டே பொதுவாகவே பதில் சொன்னாள். உண்டு. பொதுப் பெட்டியில் மேலே இருக்கிற தட்டின் மூடியில் ஆவி நீர் கோக்கும். மூடி சரியாக இல்லாவிட்டால் ஒரு சொட்டு கீழே இருக்கிற தட்டில் விழும். அந்த ஒரு சொட்டே போதும்.

"அப்படி வந்த குரல என்ன செய்வீய?"

"அவிச்சிருவோம்க்கா. ஒப்பு இல்லாத குரல வச்சுக்கக்கூடாது."

"அந்த வீட்டு ஆளுகளத் தேட மாட்டீயளா?"

"பேரே இல்லாத குரல எங்க போய்த் தேட? அவுங்க வீட்டுல அவுங்க தட்டு இருக்கும். இருந்தா இருக்கும். இல்லன்னா இல்ல."

ரெஜினாள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். செல்வி போட்டாள். தொண்டைச் செருமல், மழை, குடை. "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி காத்திருந்தார். இந்தத் தடவை ரெஜினாள் வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். அவளிடம் அப்படி ஒருவர் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்து எத்தனை காலம் ஆகிறது? இல்லை என்று சொல்லிவிட்டால் இன்னாசிக்கு உரிய இடம் இன்னாசிக்கே இருக்கும். காலியாக இருக்கும், ஆனாலும் அவனுடையதாக இருக்கும். ஆமாம் என்றால் அந்த இடத்தில் இன்னொருவரை உட்கார வைத்தாகிவிட்டது, அவன் பேர் அதோடு போயிற்று. அது துரோகம் இல்லாமல் வேறென்ன? இன்னாசி மேல் கோபம்கூட வந்தது. கொஞ்சம் கசப்பைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்து, நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

"அக்கா" என்றாள் செல்வி. குரல் தணிந்திருந்தது. "நான் கேக்கணும். இது உங்க வீட்டு ஆள்தானா?"

"ஆமா தாயி."

"யோசிச்சுச் சொல்லுங்க. பொறவு மாத்த முடியாது."

"யோசிக்க என்ன இருக்கு? எங்க வீட்டு ஆள்தான்."

செல்வி கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு அவளை ஒரு கணம் பார்த்தாள். ஜெல்லில் கோடு ஏன் முந்தி விழுந்திருந்தது, அது யாரோ ஒருவருடையது என்று இப்போது அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஒப்புத் தாளில் முத்திரை குத்திவிட்டு எழுந்துபோய், புதுத் தட்டில் இழுத்து, மூடியைச் சுற்றி நாடா ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினாள் தட்டை மேஜை மேல் வைத்தாள். இனி அந்தக் குரலை அவள் கேட்கப்போவது அடுத்த முறை வரும்போதுதான். அதற்குள் அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிடும். வெளியே கதவைத் திறந்து மூடுகிற சத்தங்கள், வேலை முடிந்து வருகிறவர்கள், பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்தாள். மோட்டார் அறையில் தண்ணீர் வடிந்த கதையைச் சொல்ல வாயெடுத்தாள். எப்படிக் கூப்பிடுவது?

இன்னாசியை அவள் கல்யாணமான நாளிலிருந்தே பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அதற்காக மாமியாரிடம் வாங்காத ஏச்சு இல்லை. ஊரில் மற்ற பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு நாளும் அவள் கூப்பிட்டதில்லை, அது அவள் நாக்கில் வந்ததே இல்லை. இவருக்கோ பேர் இல்லை. இருந்திருக்கும், அவளுக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஏங்க" என்று கூப்பிட்டாள்.